வெள்ளியின் காற்றில் ஒலியின் கதி: ஒரு திருத்தம்

எங்கள் கல்லூரியின் விஞ்ஞான மன்றம் இந்த ஆண்டு ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் பணி முடித்துப் போனவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஆய்வுகூடத்தில் பத்து ஆண்டுகள் உதவியாளனாக இருந்து விலகியவன் என்பதால் என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. மன்றச் செயலாளர் அச்சுவேலியில் நான் சயிக்கிள் திருத்தும் கடைக்கு வந்து இரண்டு நிபந்தனைகள் சொன்னார்.

"அண்ணை, சுவையா எழுதுங்கோ. ஒருத்தரையும் நோகப்பண்ணாமல் எழுதுங்கோ."

"என்னத்தைப் பற்றி?"

"நீங்கள் இருக்கேக்கை செய்த நல்ல பரிசோதனை ஏதும். இப்ப எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே. சாமான் இல்லை. வாசிப்பைக் கரும்பலகையிலை எழுதிவிடுவினம், நாங்கள் பாத்து எழுதுறது."

அவர் இதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை இல்லை என்பதுபோலச் சொன்னார். கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தேன். கரும்பலகையில் வாசிப்பை, அளந்தால் வரவேண்டிய எண்களை, எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிவிட்டுக் கீழே தங்கள் கையெழுத்தை வைக்கிறார்கள், தாங்களே அளந்ததுபோல. இதற்கு மாட்டேன் என்று சொல்லித்தான் நான் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு இதை யாரும் ஒரு விசயமாகவே எண்ணவில்லை என்று தெரிகிறது.

சுவையாக எழுத இயன்றதைச் செய்கிறேன். மற்ற நிபந்தனையை ஏற்கவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். ஐயா பனை ஏறிக் கள்ளுச் சீவுபவர். அம்மா கையொப்பம் வைக்கவேண்டிய இடங்களில் பெருவிரலை வைப்பவர். எண்பத்துமூன்றில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளி குறைந்தது. அடுத்த ஆண்டு, படித்த கல்லூரியிலேயே ஆய்வுகூட உதவியாளன் வேலை கிடைத்தது. கண்ணாடி கழுவவும், தராசு துடைக்கவும், இறப்பர்க் குழாய் வெடிக்காமல் மாப்பூசி வைக்கவும் ஒரு வருடத்தில் பழகிவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

எழுதவேண்டியது அருமைநாயகம் சேரைப் பற்றி. பௌதிகத்துக்கும் கூடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. மிசன் காலத்துப் பள்ளிக்கூடத்தின் மிடுக்கு முழுவதும் அவரிடம் இருந்தது. வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் குலையாத கை. கூடத்துக்குள் வந்ததும் மேசையை முட்டியால் இரண்டு தரம் தட்டுவார். மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். என்னை 'நீர்' என்பார். மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பேசும்போது 'உவர்' என்பார். பத்து ஆண்டில் என் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

ஆனால் அவர் நல்ல ஆசிரியர். இதைச் சொல்லாமல் விட்டால் என் கோபத்துக்கு அர்த்தமில்லை. வாசிப்பு எடுக்கும் முறையை அவரைப்போலச் சொல்லித்தர அந்த வட்டாரத்தில் ஆளில்லை. கண் அளவுகோட்டுக்கு நேரே இருக்கவேண்டும். ஒரே வாசிப்பை மூன்று தரம் எடுக்கவேண்டும். பிழைத்துப்போன எண்ணை அழிறப்பரால் அழித்தவனை வெளியே அனுப்பிவிடுவார். "வெட்டு. ஒரு கோடு. கீழை இருக்கிற இலக்கம் தெரியவேணும். நீ பிழைச்சதை மறைக்க உனக்கு உரிமை இல்லை." இதை நான் எத்தனையோ தரம் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் பெருமைப்பட்டேன்.

எண்பத்தேழில் கூடத்தின் பாதிக் கூரை விழுந்தது. சண்டை ஓய்ந்து நாங்கள் போனபோது அலுமாரிகள் ஓட்டுக் குவியலுக்குள் கிடந்தன. சேரும் நானும் இரண்டு நாள் கிளறினோம். இசைக்கவைப் பெட்டி அகப்பட்டது. அவர் ஒவ்வொரு கவையாக எடுத்து முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீடிறன் உள்ள, அதாவது செக்கனுக்கு அத்தனை தரம் அதிரும், கவை வந்ததும் நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். "இதின்ரை சுருதி பிழைபோகேல்லை" என்றார். முகத்தில் ஓட்டுத் தூள். எனக்குக் கண் கலங்கியது. கிணற்றில் அள்ளி ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினேன்.

"இல்லை. எனக்குத் தாகமில்லை" என்றார்.

அவருக்குத் தாகம் இருந்தது. கொஞ்சம் பொறுத்துத் தானே போய் அள்ளிக் குடித்தார். இடைவேளைக்குத் தேத்தண்ணி வைப்பது என் வேலைகளில் ஒன்று. மற்ற ஆசிரியர்கள் குடிப்பார்கள். அவர் மட்டும், "நான் வீட்டிலை குடிச்சிட்டன்." பத்து ஆண்டும் வீட்டிலேயே குடித்துவிட்டார். நாங்கள் எந்தச் சாதி என்று அவருக்குத் தெரியும். அவர் எந்தச் சாதி என்று எங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல்லும் நாங்கள் கதைத்ததில்லை.

இனி மாலினியின் விசயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. அரசாங்கம் குடாநாட்டுக்குப் பொருள்கள் வரத் தடை போட்டு இரண்டு வருடம். பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் எட்டாத விலை, கூடத்தில் ஐதரோகுளோரிக்கமிலம் போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இருந்தது. அதைச் சேர் தன் அலுமாரியில் பூட்டிவைத்திருந்தார். ஒவ்வொரு துளியும் பதிவேட்டில் ஏறும்.

மாலினி உரும்பிராயில் இருந்து வரும் உயர்தர மாணவி. தகப்பன் வெங்காயச் செய்கைக்காரர். அன்றைக்குச் சேர் ஒலி பற்றிக் குறிப்புச் சொல்லி எழுதுவித்தார். "வெற்றிடத்தில் ஒலி செல்லாது. எனவே விண்வெளியிலும் பிற கோள்களிலும் ஒலி இல்லை." நான் பின்மேசையில் தராசு துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாலினி எழுந்தாள். "சேர், வெள்ளியிலை வளி இருக்கெல்லோ."

"உட்காரும்."

"செவ்வாயிலையும் இருக்கு சேர். கொஞ்சம்தான். எண்டாலும் வெற்றிடமில்லை."

"சிலபசிலை இல்லாததைக் கேட்டு எல்லாற்றை நேரத்தையும் வீணாக்காதையும்."

வகுப்புச் சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். ஆனால் குறிப்பில் அந்த இரண்டாவது வசனத்தை அவள் எழுதவில்லை. மணி அடித்தபிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இருக்கோ இல்லையோ?"

"காத்து இருந்தா ஒலி இருக்கத்தானே வேணும் பிள்ளை."

"அப்ப ஏன் சேர் அப்பிடிச் சொன்னவர்?"

"அவருக்குச் சொல்லிக் குடுத்தவை அப்பிடிச் சொல்லியிருப்பினம்."

"நாங்கள் அளந்து பாப்பமோ? ரண்டு கோளிலையும் கூடுதலா இருக்கிறது நாங்கள் மூச்சிலை விடுற காபனீரொட்சைட்டுத்தானே. அதை இஞ்சை குழாய்க்குள்ள அடைச்சு அளக்கலாமெல்லோ. அறிவியல் கண்காட்சிக்கும் குடுக்கலாம்."

எங்கள் பிள்ளைகளுக்கு ஒலியின் கதி வெறும் பாட விசயமல்ல. பலாலி இராணுவ முகாம் பக்கம் புகை எழுந்தால் எண்ணத் தொடங்குவார்கள். மூன்று எண்ணுவதற்குள் வெடிச் சத்தம் கேட்டால் ஒரு கிலோமீற்றர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். அதை வெள்ளியில் எண்ணிப் பார்க்க ஒருத்தி கேட்டாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

முறை உயர்தரத்தில் உள்ளதுதான். நிமிர்த்தி நிறுத்திய ஒரு மீற்றர்க் கண்ணாடிக் குழாய். அடியில் இறப்பர்க் குழாயால் ஒரு நீர்ப் பாத்திரம் தொடுத்திருக்கும். பாத்திரத்தை ஏற்றினால் குழாயில் தண்ணீர் ஏறும், இறக்கினால் இறங்கும். இசைக்கவையைத் தட்டி வாயருகே பிடித்துத் தண்ணீரை மெல்ல இறக்கினால் ஓரிடத்தில் குழாய் ஓங்கி ஒலிக்கும். அது முதற் பரிவு. இன்னும் இறக்கினால் மறுபடி ஒலிக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள நீளம் அரை அலைநீளம். அதை இரட்டித்து மீடிறனால் பெருக்கினால் கதி வரும்.

காபனீரொட்சைட்டு வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்கு எங்கள் மண்ணில் குறைவில்லை, காலால் உதைத்தாலே வரும். அமிலம்தான் இல்லை. நான் சேரிடம் போய்க் கேட்டேன்.

"பரீட்சைப் பிள்ளையளுக்கு வைச்சிருக்கிறன். விளையாட்டுக்கு இல்லை" என்றார். அது நியாயம். அதில் எனக்குக் கோபமில்லை.

அன்று பின்னேரம் ஐயா இறக்கிய கள்ளு முட்டிக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. நுரை ஏறி விளிம்பால் வழிந்தது. பத்து வருடமாக வாயுவைப் பற்றிப் படித்தவன், இருபத்தொன்பது வருடமாக அந்த நுரையைப் பார்த்தவன், அன்றைக்குத்தான் இரண்டையும் சேர்த்து யோசித்தேன். சீனி நொதித்தால் வருவது மதுசாரமும் காபனீரொட்சைட்டும்.

"ஐயா, எனக்கு ஒரு சாடி கள்ளு வேணும். பள்ளிக்கூடத்துக்கு."

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கோ?"

"ஒலியின்ரை வேகம் அளக்க."

"கள்ளிலை சத்தம் வாறது குடிச்சாப் பிறகெல்லோ" என்றார். ஆனாலும் நொதிப்பைத் தடுக்கும் சுண்ணாம்பு பூசாத முட்டியில் இருந்து நல்ல கள்ளாகப் பார்த்து வார்த்துத் தந்தார். மூடியை இறுக்கித் தானே மெழுகும் பூசினார். "கவனம், வெடிக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை. கூடத்தில் மாலினியும் அவளுடைய சிநேகிதி ஒருத்தியும் நானும். சாடியின் மூடியில் இருந்து சயிக்கிள் வால்வு ரியூப் ஒன்றை எடுத்து, மதுசார மணம் போகத் தண்ணீருக்குள்ளால் விட்டோம். வந்த வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதவிட்டால் பாலாகியது. நெருப்புக்குச்சியைக் காட்டினால் அணைந்தது. யன்னல் எல்லாம் திறந்திருந்தும் கூடம் கள்ளுத் தவறணைபோல மணத்தது. சிநேகிதி தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, வீட்டை போனா அம்மா ஊதச் சொல்லப்போறா" என்றாள்.

முதல் முறை பிழையாய்ப் போனது. ஐந்து தரம் அளந்தோம். முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று முப்பது, முந்நூற்றைந்து என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தது. எல்லாம் வளியில் வரும் முந்நூற்றைம்பதுக்குக் குறைவுதான், ஆனால் நிலையில்லை. வாயுதான் சுத்தமில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

மாலினி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணை, தண்ணியை இறக்கேக்கை மேலாலை காத்து உள்ளை வருதெல்லோ."

எத்தனை ஆண்டாக அந்தப் பரிசோதனையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவன் நான். வகுப்பில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்று, அதனால் யாரும் யோசிக்கத் தேவையில்லை. இங்கே தண்ணீர் கீழே போகும்போது வெளிக்காற்றை உறிஞ்சுகிறது.

"அப்ப மறுவளமா செய்வம்" என்றாள். "முதல் தண்ணியைக் கீழை இறக்குவம். அடிமட்டும் மெல்லிய குழாயை விட்டு வாயுவை நிரப்புவம். அது பாரம்தானே, கீழை நிக்கும். பேந்து தண்ணியை ஏத்தி ஏத்தி அளப்பம். ஏத்தினா வாயு வெளியிலைதான் போகும், காத்து உள்ளை வராது."

அப்படியே செய்தோம். குழாயின் வாயில் நெருப்புக்குச்சி அணையும்வரை நிரப்பினோம். மெல்லிய குழாயை நூல் இழுப்பதுபோல மெதுவாக உருவினோம். அவள் கவையைத் தட்டினாள், நான் நீர்ப் பாத்திரத்தை உயர்த்தினேன். முப்பத்தொன்பது புள்ளி மூன்று சதமமீற்றரில் குழாய் பேசியது. மேலும் ஏற்ற, பன்னிரண்டு புள்ளி நாலில் மறுபடி. திருப்பித் திருப்பி ஏழு தரம். ஒன்றும் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் விலகவில்லை. மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தாள். செக்கனுக்கு இருநூற்று எழுபத்தைந்து மீற்றர்.

ஏட்டுக் கணக்கின்படி அந்த வெப்பநிலைக்கு இருநூற்று எழுபத்திரண்டு வரவேண்டும். மூன்று மீற்றர் கூட. கள்ளுச் சாடியும் வால்வு ரியூப்பும் தந்த விடை அது. நான் வேலைசெய்த பத்து ஆண்டிலும் அந்தக் கூடத்தில் எடுத்த வாசிப்புகளில் இதைப்போல ஒன்றை நான் கண்டதில்லை.

மிச்சம் அவளுடைய கணக்கு. ஒலியின் கதி வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறையும். செவ்வாயின் குளிரில் அதே வாயுவில் செக்கனுக்கு இருநூற்று முப்பது மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். வெள்ளியின் சூட்டில் நானூற்றுக்கு மேல் ஏறும்.

"வெள்ளியிலை எங்கடை காத்தைவிட வேகம் அண்ணை. தொண்ணூறு மடங்கு அமுக்கம், அதாலையோ?"

"இல்லை. அமுக்கம் கூட அடர்த்தியும் கூடும். ஒண்டையொண்டு சரிக்கட்டிப்போடும். சூடுதான் காரணம்."

"அப்ப செவ்வாயிலை வளி நூறிலை ஒரு பங்கெண்டாலும் வேகம் குறையாது, சத்தம்தான் மெலியும்."

"மெலியும். அதோடை காபனீரொட்சைட்டு கீச்சுக் குரலை விழுங்கிப்போடும். இவ கூப்பிட்டா நாலு எட்டுக்கு அங்காலை கேக்காது" என்று சிநேகிதியைக் காட்டினேன்.

"வெள்ளியிலை நிண்டு கூப்பிட்டா?" என்றாள் சிநேகிதி.

"கூப்பிட முதல் அவிஞ்சு போடுவாய்" என்றாள் மாலினி.

அவளுடைய அறிக்கை பதினாறு பக்கம். 'வாயு பெற்ற முறை' என்ற தலைப்பின் கீழ் 'பனங்கள் நொதித்தல்' என்று எழுதியிருந்தாள். கள்ளுத் தந்தவர் என்று ஐயாவின் பெயரையும், உதவியவர் என்று என் பெயரையும் போட்டிருந்தாள். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு சேரின் கையெழுத்து வாங்கக் கொடுத்தோம்.

அவர் நின்றபடியே வாசித்தார். வாசிப்புகள் இருந்த பக்கத்தில் கண் நின்றது. மறுவளமாக ஏற்றி அளந்த இடத்தில் ஒருமுறை தலையசைத்தார். அதை நான் என் கண்ணால் கண்டேன். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பினார்.

"இது என்ன?"

"கள்ளு சேர்" என்றாள் மாலினி.

"என்ரை கூடத்துக்குள்ளயோ?"

அவர் பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை. "இதைக் கிழிச்சுப்போட்டு வேறை எழுதும். சுண்ணாம்புக் கல்லும் ஐதான ஐதரோகுளோரிக்கமிலமும். புத்தகத்திலை உள்ள முறை. உந்தப் பேருகள் ரண்டும் வேண்டாம். விடையையும் இருநூற்று எழுபத்திரண்டாக்கும். வாசிப்பை அதுக்கேத்த மாதிரிப் பின்னாலை இருந்து எடும்."

அழிறப்பர் பாவித்த பிள்ளையை வெளியே அனுப்பிய அதே மனிதர்.

"சேர், அது பொய்யெல்லோ" என்றாள்.

"கள்ளாலை அளந்தனாங்கள் எண்டு எங்கடை கல்லூரி போய் நிக்கிறதோ? உவர் சொல்லித் தந்தவரோ உதெல்லாம்?" என்று என்னைப் பார்க்காமல் என்னைச் சுட்டினார். "கையெழுத்து வேணுமெண்டா மாத்தி எழுதும்."

மாலினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் இன்றைக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாதை, கண்காட்சிக்குப் போகாவிட்டால் போகட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள். என் வேலை, வீட்டில் இருந்த இரண்டு தங்கச்சிமார், இவை எல்லாம் ஒரு நொடியில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"சேர் சொன்ன மாதிரி எழுதும் பிள்ளை" என்றேன்.

எழுதினாள்.

கண்காட்சி எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குழாயைச் சாக்கில் சுற்றிச் சயிக்கிள் பாரில் கட்டிக்கொண்டு பலாலி வீதியால் உருட்டிப்போனேன். கள்ளுச் சாடியைக் கொண்டுபோகச் சேர் விடவில்லை. ஆகவே மேசையில் இருந்தது வெறும் குழாயும் அறிக்கையும்.

நடுவர் பல வருடம் இரசாயனம் படிப்பித்து ஓய்ந்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அறிக்கையை ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். அவருக்குப் பிடித்திருந்தது. தண்ணீரை ஏற்றி அளந்த முறையைப் பற்றி, "இது ஆற்றை யோசனை?" என்று கேட்டார். மாலினி, "என்ரை" என்றாள். "நல்ல மூளை" என்றார்.

"சரி, வாயுவை நிரப்பிச் செய்து காட்டும் பாப்பம்."

"இப்ப வாயு இல்லை சேர்."

"ஏன்?"

"அமிலம் முடிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "எங்கை எடுத்தனீர் பிள்ளை அமிலம்? இந்தக் குடாநாட்டிலை நானும் ஆறு மாதமாத் தேடித் திரியிறன். ஏழு தரம் குழாய் நிரப்ப எவ்வளவு வேணும் எண்டு தெரியுமோ?"

எங்கள் ஊரில் யாரும் நம்பாத ஒரு பொய்யை அவளிடம் எழுதுவித்திருந்தோம். தடைக்குள் இருந்துகொண்டு அமிலம் என்று எழுதச் சொன்னவருக்கு அது தோன்றவில்லை. மற்ற இடம் என்றால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நடுவர் பின்னால் நின்ற அருமைநாயகம் சேரிடம் திரும்பினார். "மாஸ்ரர், உங்கடை கூடத்திலை அமிலம் குடுத்ததோ?"

சேரின் பதிவேட்டில் ஒரு துளியும் குறையவில்லை. அவர் பதிவேட்டுக்குப் பயந்தாரா, கள்ளுக்குப் பயந்தாரா, எனக்குத் தெரியாது.

"நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" என்றார்.

அந்த வசனத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு நடுவர் மறுபடி கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இருநூற்று எழுபத்திரண்டு. புத்தகத்தில் உள்ளது அப்படியே.

"பிழையான விடை கொண்டு வந்திருந்தாலும் நம்பியிருப்பன் பிள்ளை" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கவலையோடுதான் சொன்னார். அறிக்கையின் மேல் 'வாசிப்புகள் புனையப்பட்டவை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நான் மூன்றடி தள்ளிச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வசனம் போதும். வாயு எங்கள் வீட்டுக் கள்ளு. அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை. சேர் நிற்கிறார், அவர் சொல்லட்டும் என்று நினைத்தேன். பெரியவர் ஒருவர் நிற்கும்போது நாங்கள் முந்திக் கதைப்பதில்லை என்று பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மரியாதை என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன இருநூற்று எழுபத்திரண்டு, கணக்குச் சரியோ?" "இண்டைக்கு எந்தக் கோளுக்குப் பயணம்?" சைவ சமய பாடத்தில்கூட விட்டுவைக்கவில்லை. அவள் என் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று பின்னேரம் சேரிடம் போனேன்.

"சேர், நடுவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. நடந்ததை எழுதினாக் காணும். அந்தப் பிள்ளை உண்மையா அளந்தவ."

"என்னெண்டு எழுதுறது?"

"கள்ளு எண்டு."

அவர் அலுமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். "நீர் விளங்காமல் கதைக்கிறீர். அந்த மண்டபத்திலை உம்முடைய தகப்பன்ரை தொழிலை ஏலம் போடுறதோ? நான் உம்மைக் காப்பாத்தினனான்."

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. தன் அருவருப்பின்மேல் என் மானத்தை எடுத்துப் போர்த்திவிட்டார். ஐயா தன் தொழிலைப் பற்றி ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னதும் நல்ல முட்டியாகத் தேடி வார்த்தவர். கண்காட்சியில் என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது, "நல்லா நடந்தது" என்று நான் சொன்னேன். அதுவும் என் கணக்கில்தான்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். பொறுமை என்று சொல்ல ஆசைதான். பயம். போன வருடம் சேர் கரும்பலகையில் மாதிரி வாசிப்புகளை எழுதிவிடச் சொல்லி ஒரு தாளைத் தந்தார். பொருள் இல்லை, பிள்ளைகள் என்ன செய்வது என்றார். தாளின் மூன்றாவது வரி: காபனீரொட்சைட்டில் ஒலியின் கதி 272. வெண்கட்டியை அதன் பெட்டியில் வைத்தேன். மாட்டேன் என்றேன். பத்து ஆண்டில் அவருக்கு நான் சொன்ன முதல் மாட்டேன் அது. அடுத்த நாள் விலகல் கடிதம் கொடுத்தேன். சேரும் இப்போது ஓய்வில் இருக்கிறார். அவருடைய கட்டுரையும் இந்த மலரில் வருகிறது என்று அறிகிறேன். வரட்டும்.

இதை எழுதி முடித்ததும் உரும்பிராய்க்கு மாலினி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் இப்போது திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படிக்கிறாள். முற்றத்தில் தாயோடு வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"பௌதிகம் எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கணிதத்திலை ஒருத்தரும் எங்கை எடுத்தனி எண்டு கேக்கமாட்டினம்."

முழுவதும் வாசித்தாள். தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடித்தேன்.

"என்னிலை கோவமோ?" என்றேன்.

"ஓம். இல்லை எண்டு சொல்லமாட்டன். நீங்கள் சொல்லியிருந்தா நான் எழுதியிருக்கமாட்டன் அண்ணை." பிறகு தாளில் ஓரிடத்தை விரலால் காட்டினாள். "இஞ்சை பிழை விட்டிருக்கிறியள்."

முதலில் எழுதிய பிரதியில், வாசிப்பவர்களுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று 'ஏறத்தாழ இருநூற்று எழுபது' என்று போட்டிருந்தேன்.

"எனக்கு வந்தது இருநூற்று எழுபத்தைந்து."

"ஏட்டிலை எழுபத்திரண்டுதானே. பெரிய வித்தியாசம் இல்லையெண்டு..."

"அந்த மூண்டும் குழாய்க்குள்ள மிஞ்சி நிண்ட காத்து. எங்களாலை முழுக்க வெளியேத்த முடியேல்லை. அதை ஏன் மறைக்கிறியள்?" தாளை என்னிடம் நீட்டினாள். "என்ரை பேரையும் போடுங்கோ. 'ஒரு மாணவி' எண்டு எழுதியிருக்கிறியள். முழுப் பேரையும் போடுங்கோ."

வீட்டுக்கு வந்து, மாணவி என்று இருந்த இடமெல்லாம் அவள் பெயரை எழுதினேன். மலரை வாசிப்பவர்கள், அந்த வகுப்பில் இருந்தவர்கள், அந்த நடுவர் உயிரோடு இருந்தால் அவர், எல்லோரும் கீழே உள்ளதைத் திருத்தமாகக் கொள்ளவும்.

காபனீரொட்சைட்டில் ஒலியின் கதி. அளந்தவர் இராசையா மாலினி, உரும்பிராய். வாயு, என் ஐயா செல்லன் சீவிய பனங்கள்ளு நொதித்ததில் வந்தது. இசைக்கவை 512. பரிவு நீளங்கள் 12.4, 39.3 சதமமீற்றர். விடை செக்கனுக்கு 275 மீற்றர், கொஞ்சம் வளி கலந்திருந்தது. அளக்கும்போது பக்கத்தில் நின்றவன் நான். அது பொய் என்று எழுதப்பட்டபோதும் பக்கத்தில் நின்றவன் நான்தான்.